சோளத்தை உப்புமாவாக்குங்க, புண்ணியமாப் போகும்

எங்க காட்டுச் சோளத்தையும் கம்பையும் கேட்டுப் பட்டணத்திலிருந்து போன் வரும்போதெல்லாம் முதல் கேள்வி ஒண்ணுதான்: "சுகருக்கு நல்லதாம்மா?" ரெண்டாவது கேள்வி: "எடை குறையுமா?" மூணாவது: "பாலிஷ் போடாததுதானே?"

"சமைச்சா ருசியா இருக்குமா? எதைத் தொட்டுக்கிட்டா எடுக்கும்?" என்று மட்டும் யாரும் கேட்கிறதில்லை. அரிசி வாங்கும்போது இப்படியா வாங்குறோம்? சோறு உதிரியா வருமா, இட்லி பூ மாதிரி வருமான்னுதானே கடைக்காரரைக் கேக்குறோம்? அரிசி சோறு. அதனால் அதுக்கு ருசியைப் பத்தின கேள்வி. சோளம் மருந்து ஆகிப்போச்சு. அதனால் அதுக்கு வியாதியைப் பத்தின கேள்வி.

இந்தப் பதிவு முழுக்க அதுக்கு எதிரான சண்டைதான். சோளத்தையும் கம்பையும் சாமையையும் காப்பாத்துறேன்னு கிளம்பினவங்கதான் அதைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து இன்னும் தூரமாத் தள்ளிட்டாங்க என்பது என் கட்சி. நான் மண்வெட்டியும் பிடிக்கிறவ, கரண்டியும் பிடிக்கிறவ. வேடசந்தூர்ப் பக்கம் செவல்மண் மானாவாரிக் காட்டில் சோளம் விதைச்சு, அதையே வீட்டில் ஆக்கிப் பார்த்து, பிள்ளைகள் மூஞ்சியையும் வீட்டுக்காரர் தட்டையும் கவனிச்சு எழுதுறேன்.

முதலில் மருந்துக் கதையை முடிச்சிடுவோம். சிறுதானியத்தில் சத்து இல்லைன்னு நான் சொல்லலை. கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கு. கம்பில் இரும்புச் சத்து தீட்டின அரிசியை விடப் பல மடங்கு. நார்ச்சத்தும் கூட. எல்லாம் நெசம். ஆனா கம்பும் சோளமும் தானியம்தான். உள்ளே இருக்கிறதில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். முழுசாவோ குருணையாவோ ஆக்கித் தின்னா ஒரு விதமாவும், நைசா அரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சிக் குடிச்சா வேற விதமாவும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். "சாமை சாப்பிட்டால் சர்க்கரை ஓடிப்போகும்" என்று வீடியோவில் பேசுறவர் இதைச் சொல்றதில்லை. சொன்னா அடுத்த வீடியோவுக்கு ஆள் வராது.

நம்பி வாங்குறவங்க என்ன செய்றாங்க? முப்பது நாள் வைராக்கியமாக் குடிக்கிறாங்க. பிறகு சர்க்கரை குறைஞ்சாலும் நிறுத்திடுறாங்க, குறையலைன்னாலும் நிறுத்திடுறாங்க. மருந்துன்னு வீட்டுக்குள் வந்த எதுக்கும் இதுதான் கதி. குணமானா பாட்டிலைத் தூக்கி எறிவோம், குணமாகலைன்னா வைத்தியரை மாத்துவோம். சோறு அப்படி இல்லை. நேத்துத் தின்னோம், இன்னைக்கும் பசிக்குது, திரும்ப ஆக்குறோம். ஒரு தானியம் ஊரில் நிலைக்கணும்னா அதை ஆக்குறதுக்குப் பசியும் நாக்கும் மட்டும்தான் காரணமா இருக்கணும்.

அடுத்தது வேஷம் கட்டுற கூட்டம். 2018இல் மத்திய அரசு இதுகளை 'ஊட்டச்சத்து தானியங்கள்'னு பேர் மாத்தி அறிவிச்சது. இந்தியா கேட்டு, ஐ.நா. சபை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டா அறிவிச்சது. 2022 டிசம்பரில் டெல்லியில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சிறுதானிய விருந்து. 2023 செப்டம்பரில் ஜி20 தலைவர்களுக்குக் கொடுத்த இரவு விருந்தில் தினையும் குதிரைவாலியும் பரிமாறினாங்க. சந்தோஷம்தான். எங்க காட்டுப் பண்டம் ராஜாக்கள் தட்டுக்குப் போச்சேன்னு எனக்கும் பெருமைதான்.

ஆனா அந்த வருசம் பூராவும் பட்டணத்தில் நடந்த சமையல் போட்டிகளைப் பார்த்தீங்களா? தினை பீட்சா, கேப்பை பிரவுனி, வரகு கப் கேக், கம்பு குக்கி. பிரவுனியில் கால் பங்கு கேப்பை மாவு, மிச்சமெல்லாம் மைதாவும் வெண்ணெயும் சீனியும். பீட்சாவில் தினை எங்கே இருக்குன்னு தேடணும். இதெல்லாம் சிறுதானியம் சாப்பிடுறது இல்லைங்க, சிறுதானியத்தை ஒளிச்சு வைக்கிறது. ஒரு பண்டத்தை ஒளிச்சு ஊட்டினா, அது ருசியில்லாததுன்னு ஊட்டுறவரே ஒத்துக்கிறார்னு அர்த்தம். பிள்ளைக்கு அது உடனே புரிஞ்சிடும். அப்புறம், வாரத்துக்கு எத்தனை தடவை ஒரு வீட்டில் பிரவுனி செய்வாங்க? உப்புமாவும் தோசையும் அடையும் எத்தனை தடவை செய்வாங்க? தானியம் செலவாகிற இடம் காலை ஏழு மணி அடுப்பும் ராத்திரி எட்டு மணி அடுப்பும்தான். அங்கே வேகிறது இனிப்பு இல்லை. உப்பும் காரமும் புளிப்பும்.

மூணாவது ஆட்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். "அந்தக் காலத்தில் நம்ம பாட்டிமார்..." என்று ஆரம்பிக்கிறவங்க. உரலும் உலக்கையுமா ஒரு கிழவி படத்தைப் போட்டு, "இந்த வாழ்க்கையைத் தொலைச்சிட்டோமே"ன்னு கீழே எழுதுவாங்க. ஐயா, அந்த உரல்தான் கம்மஞ்சோறை விரட்டியது. கம்பைத் தண்ணி தெளிச்சு, உரலில் போட்டுக் குத்தி, புடைச்சு, தவிடு நீக்கி, திரும்பக் குத்தி, திரும்பப் புடைச்சு, அதுக்குப் பிறகுதான் உலையில் போட முடியும். சாமைக்கும் வரகுக்கும் இதை விட அதிகம். உமி அப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும். வரகுக்கு ஏழு தோல்னு எங்க அம்மாயி சொல்லும். காட்டு வேலைக்குப் போய் வந்த பொம்பளை, பொழுது சாய்ஞ்ச பிறகு அந்த உலக்கையைத் தூக்கணும். அதுக்குப் பிறகு அடுப்பைப் பத்த வைக்கணும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் அரிசி வந்தது. களைஞ்சு உலையில் போட்டால் அரை மணியில் சோறு. ரேஷனில் மலிவா வந்தது. 2011 ஜூன் 1லிருந்து விலையே இல்லாம வந்தது. ரேஷன் அரிசியை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பசி ஆத்தின அரிசி அது. எங்க கையில் காப்புக் காய்ச்சின உலக்கையை இறக்கி வைக்கச் சொன்னதும் அதுதான். பொம்பளைங்க ஏமாந்துபோய் அரிசிக்கு மாறினாங்கன்னு யாராச்சும் சொன்னா, அவங்க ஒரு வாரம் உலக்கை பிடிச்சுட்டு வந்து பேசட்டும். கணக்குப் பார்த்துத்தான் மாறினாங்க.

கணக்கு இப்போ திரும்பவும் மாறியிருக்கு. அதைத்தான் யாரும் பேச மாட்டேங்கிறாங்க. உமி நீக்குற மிஷின் வந்தாச்சு. மிக்சியும் குக்கரும் இல்லாத வீடு அபூர்வம். உரல் செய்த வேலையை மிக்சி ரெண்டு சுத்தில் செய்யும். உழைப்புதான் தடையா இருந்துச்சுன்னா, அந்தத் தடை பாதிக்கு மேல் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது பழக்கம் ஒண்ணுதான். பழக்கத்தைப் பிரசங்கத்தால் மாத்த முடியாது. அடுப்படியில் செஞ்சு செஞ்சு பார்த்துத்தான் மாத்த முடியும்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்னு கேப்பீங்க. காட்டுக்கு வாங்க, காட்டுறேன்.

தமிழ்நாட்டில் சோளம் அதிகமா விதைக்கிற மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒண்ணு. ஊர்ப் பேரைச் சொன்னதும் உங்களுக்குப் பிரியாணியும் பூட்டும் ஞாபகம் வரும். எங்களுக்கு ஞாபகம் வர்றது சோளத்தட்டைப் படப்பு. வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரைப் பக்கமெல்லாம் மானாவாரிக் காட்டில் சோளம்தான் மாட்டுக்கும் மனுசனுக்கும். ஆனா இன்னைக்கு நிக்கிற சோளத்தில் நிறைய, மாட்டுக்கு மட்டும். விதையை நெருக்கமாத் தூவி, தட்டைக்காகவே வளர்த்து அறுக்கிறாங்க. தீவனத்துக்கு எப்பவும் ஆள் இருக்கு. கதிர் முத்தவிட்டு, தானியம் அடிச்சு, மூட்டை கட்டி வச்சா அதை வாங்கத்தான் ஆள் தேடணும்.

தண்ணி கொஞ்சம் இருக்கிறவங்க மக்காச்சோளத்துக்குப் போயிட்டாங்க. அது கோழித் தீவனத்துக்குப் போகும். வியாபாரி களத்துக்கே வந்து எடுப்பார். 2018இல் படைப்புழுன்னு ஒரு புழு நாட்டுக்குள்ளே வந்து மக்காச்சோளக் குருத்தைத் துளைச்சுத் தின்னுச்சு. அன்னையிலிருந்து மருந்தடிக்காம மக்காச்சோளம் இல்லை. அப்படியும் ஏன் அதையே விதைக்கிறோம்? கோழி தினமும் தின்னுது. நீங்க மாசத்துக்கு ஒரு தடவை கஞ்சி குடிக்கிறீங்க. விவசாயி யார் பின்னாடி போவான்?

இன்னொரு சங்கதி, பட்டணத்தில் இருக்கிறவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சோளம் தனியா விதைக்கிற பயிர் இல்லை. ஊரே விதைக்கணும். கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் சிட்டும் மைனாவும் கிளியும் கூட்டம் கூட்டமா இறங்கும். மயில் வேற. ஊரைச் சுத்தி நூறு ஏக்கரில் சோளம் நின்னா, பறவை தின்கிறது ஆளுக்குக் கொஞ்சம், யாருக்கும் வலிக்காது. நூறு ஏக்கருக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் ஒரு ஏக்கர் விதைச்சா, அந்த வட்டாரத்துப் பறவை பூராம் என் காட்டுக்குத்தான் விருந்துக்கு வரும். விடிகாலையிலிருந்து பொழுது சாயுற வரைக்கும் தகரத்தைத் தட்டிக்கிட்டு நிக்க என் வீட்டில் ஆள் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுது, போகத்தான் வேணும்.

அதனால்தான் சொல்றேன், பத்து வீடு அதிக விலை கொடுத்து வாங்குறதால் சோளம் பிழைக்காது. அந்தப் பத்து வீட்டுக்காக ஒரு விவசாயி விதைப்பான், பறவை தின்னுட்டுப் போகும், அடுத்த வருசம் அவனும் விட்டுடுவான். லட்சம் வீடு சாதாரண விலைக்கு, சாதாரணமா, வாரம் ஒரு தடவை தின்னாத்தான் ஊரே விதைக்கும்.

விலையையும் பார்த்திடுங்க. 2024-25க்கு மத்திய அரசு அறிவிச்ச குறைந்தபட்ச ஆதரவு விலை, கலப்பினச் சோளத்துக்குக் குவிண்டால் 3,371 ரூபாய். கம்புக்கு 2,625. கேப்பைக்கு 4,290. அதாவது கிலோ சோளம் 34 ரூபாய் கூட இல்லை, கம்பு 26 ரூபாய் சொச்சம். அந்த விலைக்குக் கொள்முதல் நடந்தால்தான் அதுவும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி பேரே அந்தப் பட்டியலில் இல்லை. இதை எழுதி வச்சுக்கிட்டு, உங்க பக்கத்துக் கடையில் பளபளன்னு காகிதத்தில் கட்டி, இதயம் படம் போட்டு விக்கிற அரைக் கிலோப் பொட்டலத்தின் விலையைப் பாருங்க. நடுவில் இருக்கிற காசு எங்கே போகுதுன்னு நீங்களே கணக்குப் போடுங்க. 'மருந்து'ன்னு பேர் வச்சாத்தான் அந்த விலைக்கு விக்க முடியும். 'உப்புமாச் சாமான்'னு பேர் வச்சா ரவை விலைக்குத்தான் விக்கணும். மருந்துக் கதை யாருக்கு லாபம்னு இப்போ புரியுதா?

சோளம் பிழைச்ச ஊர் எதுன்னு பார்த்தா எனக்குப் பாடம் கிடைக்குது. வடகர்நாடகம், மகாராஷ்டிரம். அங்கே ஹூப்ளி, பீஜப்பூர்ப் பக்கம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் தட்டில் முதலில் விழுகிறது சோள ரொட்டி. கூட எண்ணெய்க் கத்தரிக்காய், பூண்டுப் பொடி, பச்சை வெங்காயம். மகாராஷ்டிரத்தில் அதுவே பாக்ரி. சோலாப்பூர்ப் பக்கத்து மால்தண்டிச் சோளம்னா அங்கே தனி மதிப்பு. மங்கள்வேடா சோளத்துக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்காங்க. அங்கே யாரும் சர்க்கரை வியாதிக்காக ரொட்டி தின்னலை. கத்தரிக்காய்க்கு அதுதான் பொருத்தம்னு தின்கிறாங்க. அந்தப் பொருத்தம் இருக்கிற வரைக்கும் அங்கே சோளத்தை யாராலும் அசைக்க முடியாது.

அப்போ நமக்கு எது பொருத்தம்? நாம ரொட்டி தட்டுற ஆட்கள் இல்லை. சோள மாவில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது. சுடுதண்ணி விட்டுப் பிசைஞ்சு கையால் தட்டணும், சப்பாத்திக் கட்டையில் உருட்டினா கிழியும். அந்தக் கைப்பழக்கம் நமக்கு வர ரெண்டு தலைமுறை ஆகும். நம்ம கைக்குத் தெரிஞ்சது தாளிக்கிறது, புளிக்க வைக்கிறது, ஆட்டுறது, கிண்டுறது. சோளம் நம்ம வழிக்குத்தான் வரணும். வருது. நான் செஞ்சு பார்த்து வீட்டில் நிலைச்சுப்போனதை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, சோளக் குருணை உப்புமா. முழுச் சோளத்தைக் கழுவி நிழலில் உலர்த்தி, வாசம் வர்ற வரைக்கும் வெறும் சட்டியில் வறுக்கணும். ஆறவிட்டு மிக்சியில் விட்டு விட்டு ரெண்டு மூணு சுத்து. சலிச்சா மேலே குருணை நிக்கும். கீழே இறங்குற மாவு கஞ்சிக்கு. ஒரு டம்ளர் குருணையை அரை மணி ஊறவிடுங்க. கடலெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, கை நிறையச் சின்ன வெங்காயம். மூணு டம்ளர் தண்ணி, உப்பு. குக்கரில் மூணு விசில். திறந்ததும் ஒரு பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கிளறி மூடிடுங்க. அந்தச் சூட்டிலேயே வெந்துடும். ரவை உப்புமா ஆறினா களி. இது ஆறினாலும் உதிரி. காட்டுக்குக் கட்டிக்கொண்டு போனா மத்தியானம் வரை தாங்கும். உங்க ஆபீசுக்கும் தாங்கும்.

ரெண்டு, சோளக் காரப் பணியாரம். சோளம் மூணு பங்கு, இட்லி அரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு கரண்டி வெந்தயம். சோளத்தைத் தனியா, உளுந்தைத் தனியா ஊறப் போடணும். சோளம் எட்டு மணி நேரமாச்சும் ஊறணும், தோல் கெட்டி. இதில் உளுந்தைக் குறைக்கக் கூடாது. மாவு புளிக்கும்போது கிளம்புற காத்தை உளுந்தோட வழுவழுப்புதான் பிடிச்சு வைக்கும். உளுந்து குறைஞ்சா பணியாரம் உள்ளே கட்டியா நிக்கும். புளிச்ச மாவில் தாளிச்ச வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பல். குழிச்சட்டியில் ஊத்தித் திருப்பி எடுங்க. தக்காளிக் காரச் சட்னி வச்சா பிள்ளைகள் எண்ணிக்கை தெரியாம சாப்பிடும். 'ஹெல்த்தி' என்கிற வார்த்தையை மட்டும் அவங்க காதில் போடாதீங்க.

மூணு, கம்பு அடை. கம்பு ரெண்டு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு, தட்டைப்பயறு அரைப் பங்கு. ஆறு மணி நேரம் ஊறவச்சு, வரமிளகாய், சோம்பு, பூண்டு சேர்த்துக் கொரகொரன்னு அரைக்கணும். வெங்காயம் கறிவேப்பிலை கலந்து, கல்லில் கனமாத் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் எண்ணெய். மூடி போட்டு வேகவிடுங்க. துவரையும் தட்டையும் ஏன்னா, எங்க காட்டில் சோளத்துக்கும் கம்புக்கும் ஊடே ஊடே அதைத்தான் விதைப்போம். காட்டில் ஒண்ணா நிக்கிறது கல்லிலும் ஒண்ணாச் சேருது.

கம்பைப் பத்தி ஒரு எச்சரிக்கை. மாவா வாங்காதீங்க. கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். அரைச்ச சில நாளிலேயே அந்தக் கொழுப்பு சிக்கெடுத்துக் கசக்க ஆரம்பிச்சிடும். கடை அலமாரியில் மாசக்கணக்கா நின்ன கம்பு மாவை வாங்கிக் கிண்டிட்டு "கம்பு கசக்குதுங்க"ன்னு சொல்றவங்க நிறைய. கசக்குறது கம்பு இல்லை, தாமதம். முழுக் கம்பா வாங்கி, வேணும்கிற அன்னைக்கு ஊறவச்சு அரைச்சா அதுக்கு ஒரு தித்திப்பே உண்டு.

நாலு, மிச்சம் போன சோளச்சோறு. ராத்திரி மிஞ்சினதைத் தண்ணி ஊத்தி வச்சா காலையில் மோரும் வெங்காயமும் போட்டுக் கரைச்சுக் குடிக்கலாம். தொட்டுக்க மோர் மிளகாயோ கொத்தவரங்காய் வத்தலோ. இது எல்லாருக்கும் தெரிஞ்சது. அதையே தண்ணியை வடிச்சுப் பிசைஞ்சு, சீரகம், பச்சை மிளகாய், வெங்காயம், ரெண்டு கரண்டி கடலைமாவு சேர்த்து உருட்டித் தட்டி எண்ணெயில் போட்டா மொறுமொறுன்னு வடை. சாயங்காலக் காப்பிக்கு இதை விடத் தோதான வெஞ்சனம் எனக்குத் தெரியலை.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் வரும்: "சோளத்தில் பணியாரமா? பாரம்பரியத்தைக் கெடுக்கிறீங்களே, களியும் கூழும்தானே அசல்?" பாரம்பரியம் பேசுறவங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். நீங்க சாம்பாரில் போடுற மிளகாயும் தக்காளியும் எந்த ஊரு? அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகாயைப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து ஐந்நூறு வருசம்தான் ஆகுது. நாங்க விதைச்சு ஆட்டுற கடலை? அதுவும் தென்னமெரிக்கா. ஏன், சோளமே ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இதையெல்லாம் சட்டத்தாலா நம்ம தட்டுக்குக் கொண்டுவந்தாங்க? யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒரு பொம்பளை, மிளகுக்குப் பதிலா மிளகாயைக் கிள்ளிப் போட்டுப் பார்த்திருப்பா. வீட்டில் இருந்தவங்க இன்னொரு கரண்டி கேட்டிருப்பாங்க. அவ்வளவுதான் பாரம்பரியம்.

ரவா இட்லியை எடுத்துக்கோங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அரிசி தட்டுப்பாடு வந்தப்போ ரவையில் இட்லி செய்து பார்த்துக் கண்டுபிடிச்சதுன்னு பெங்களூர் எம்.டி.ஆர். காரங்க சொல்றாங்க. போர் முடிஞ்சது, தட்டுப்பாடு முடிஞ்சது, ரவா இட்லி மட்டும் நின்னுபோச்சு. ஏன்? முந்திரியும் கடுகும் தாளிச்சு, தயிர் புளிப்போட ருசியா இருந்துச்சு. தட்டுப்பாட்டுக்காக வந்தது ருசிக்காகத் தங்கிச்சு. சோளத்துக்கு நான் கேக்குறதும் அந்த இடம்தான்.

"நேரம் இல்லைம்மா" என்பாங்க அடுத்து. இட்லிக்கு ஊறப் போடுற அதே ராத்திரி, பக்கத்துப் பாத்திரத்தில் சோளத்தையும் ஊறப் போடுறதுக்கு எத்தனை நிமிசம்? குருணையை ஞாயித்துக்கிழமை வறுத்து உடைச்சு டப்பாவில் வச்சுட்டா வாரம் பூரா ரவை மாதிரிதான். ருசி பிடிக்கலைன்னா தாராளமா விட்டுடுங்க, அது உங்க நாக்கு. ஆனா சப்புன்னு கஞ்சி காய்ச்சிக் குடிச்சுட்டு "சோளம் நல்லாவே இல்லை"ன்னு தீர்ப்பு எழுதாதீங்க. உப்பும் புளியும் மிளகாயும் எண்ணெயும் இல்லாம அரிசியை ஆக்கினாலும் அது பத்தியச் சோறுதான்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எங்க ஊரிலும் உண்டு. அந்தத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா எல்லாம் போடுறாங்க. இந்தக் கோதுமை எங்க சமவெளியில் விளையறதா? வடக்கே இருந்து ரயிலேறி வருது. அதுக்குப் பக்கத்தில் சோளக் குருணைக்கும் சாமைக்கும் வாரத்தில் ஒரு நாள் நிரந்தர இடம் கொடுத்து, அந்தந்த மாவட்டத்துக் காட்டிலேயே வாங்கினா என்ன? காகிதத்தில் சிறுதானியம்னு எழுதுறது ஒரு பக்கம். சட்டியில் ஏறுறதுதான் கணக்கு. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. கேப்பை விளையுற ஊரில் கேப்பை. அதே நியாயம் சோளம் விளையுற ஊருக்கும் உண்டுதானே? தினமும் தின்கிற ஒரு பெரிய வயிறு இருக்குன்னு தெரிஞ்சா, மக்காச்சோளத்துக்குப் போனவங்களில் பாதிப் பேராவது திரும்பி வருவாங்க. பறவைக்கும் பங்கு பிரிஞ்சிடும்.

பட்டணத்துச் சொந்தங்களே, உங்ககிட்ட நான் தியாகம் கேக்கலை. விவசாயியைக் காப்பாத்துங்கன்னு உண்டியல் குலுக்கலை. இரக்கத்தில் வாங்குறதும் மருந்துன்னு வாங்குறதும் ஒரே மாதிரி, ரெண்டு மாசம்தான். வாரத்தில் ஒரு வேளை. புதன்கிழமை ராத்திரின்னு வச்சுக்கோங்க. ஒரே ஒரு உப்புக்காரப் பண்டம். மாவா வாங்காம முழுத் தானியமா, ஒரு கிலோ மட்டும். கடைக்காரர்கிட்ட "இது எந்த ஊருச் சரக்கு, எப்போ அறுத்தது?"ன்னு கேளுங்க, அரிசிக்குக் கேக்குற மாதிரி. முதல் தடவை தண்ணி அளவு கூடும், ரெண்டாவது தடவை உப்பு குறையும், மூணாவது தடவை உங்க வீட்டுக்குன்னு ஒரு பக்குவம் வந்துடும். நான் சொன்ன அளவெல்லாம் என் காட்டுச் சோளத்துக்கும் என் குக்கருக்கும். உங்களுக்கு எது எடுக்குதுன்னு நீங்கதான் செஞ்சு பார்க்கணும். சோம்புக்குப் பதிலா ஓமம் போட்டுப் பாருங்க. முருங்கைக்குப் பதிலா வெந்தயக்கீரை. நான் யோசிக்காத ஒண்ணு உங்க அடுப்பில் வரும். எனக்கும் எழுதி அனுப்புங்க.

புரட்டாசியில் விதைப்பு. மழை சரியா இறங்கினா தையில் கதிர் அறுப்போம். இந்த வருசமும் கொஞ்சத்தைத் தட்டைக்கும் கொஞ்சத்தைத் தானியத்துக்கும்னு பிரிச்சுத்தான் விதைக்கப் போறேன். எதுக்கு எம்புட்டுன்னு இன்னும் முடிவு பண்ணலை. அடுத்த தடவை போன் பண்ணும்போது சுகரைப் பத்திக் கேக்காம, "போன தடவை வாங்கின சோளத்தில் பணியாரம் நல்லா வந்துச்சு, இன்னும் அஞ்சு கிலோ வேணும்"னு நாலு பேர் சொன்னா, தானியப் பக்கம் ரெண்டு சால் சேர்த்து ஓட்டிடுவேன்.